ஒரு படி மேலே நிற்கும் அக்கா: நிரல் எழுதும் பெண்களுக்கு எது துணை?

2024 நவம்பர் 22 அன்று பட்டாபிராமில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 21 மாடிகள், சுமார் 330 கோடி ரூபாய்ச் செலவு, ஏறத்தாழ 6,000 பேருக்கு வேலைவாய்ப்பு என்று அரசு அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் டைடல் பூங்கா தரமணியில் திறக்கப்பட்டது 2000-ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலத்தில், 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து மென்பொருள் நிறுவனங்கள் குடியேறின. கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை ஆடைத் தொழிற்சாலையும் அடையாளமாக இருந்த ஆவடி வட்டாரத்துக்கு இப்போது ஐ.டி. முகமும் வந்திருக்கிறது.

அதே ஆவடி மாநகராட்சிக்குள் இருக்கிறது பருத்திப்பட்டு. பூந்தமல்லி–ஆவடி நெடுஞ்சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் கல்லூரிப் பேருந்துகள் வரிசைகட்டிப் போகும். ஊருக்குள்ளேயே ஒரு மகளிர் கலை அறிவியல் கல்லூரி. சாலையின் இருபுறமும், ஆவடியைச் சுற்றியும், பூந்தமல்லிக்கு அப்பால் நசரத்பேட்டை, தண்டலம் வரைக்கும் பொறியியல் கல்லூரிகள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., பி.இ. என்று எந்தப் பெயரில் படித்தாலும் அந்தப் பேருந்துகளில் போகும் பெண்களில் பெரும் பகுதியினர் எப்படியோ ஒரு கணினிப் பாடத்தைத் தொட்டவர்கள்.

இவர்களில் எத்தனை பேர் பத்தாண்டுகள் கழித்தும் நிரல் எழுதிக்கொண்டிருப்பார்கள்? பெண்களை நிரலாக்கத்தில் நிலைக்கச் செய்ய வழிகாட்டலும் முன்மாதிரிகளும் உதவும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் பதில். அந்தப் பதிலுக்கு என்ன சான்று இருக்கிறது, அதில் எது நம் வட்டாரத்துக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இரு வேறு நோய்கள்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றோரில் பெண்களின் பங்கு 1980-களின் நடுவில் சுமார் 37 விழுக்காடு. பிறகு அது சரிந்து, 2010 வாக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அந்தச் சரிவுக்கு எதிர்வினையாகவே அங்கேயும் பிற நாடுகளிலும் இயக்கங்கள் பிறந்தன. 1994-இல் அனிதா போர்க்கும் டெல்லி விட்னியும் 'கிரேஸ் ஹாப்பர் செலப்ரேஷன்' மாநாட்டைத் தொடங்கினார்கள். 2011-இல் 'பைலேடீஸ்', 2012-இல் ரேஷ்மா சௌஜானியின் 'கேர்ள்ஸ் ஹூ கோட்', 2014-இல் பெர்லினில் 'ஜாங்கோ கேர்ள்ஸ்' ஆகிய அமைப்புகள் வந்தன. பெண்பிள்ளைகளை எப்படிக் கணினிப் பக்கம் இழுப்பது என்பதுதான் இவற்றின் முதன்மைக் கவலை.

நமக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை. இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளில் பட்டம் பெறுவோரில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். 2021–22 உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. இங்கே பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்கவில்லை. நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலி வர்மா இந்தியக் கல்லூரிகளில் ஆய்வு செய்தபோது, கணினி அறிவியலைப் பெண்களுக்கு ஏற்ற துறையாகவே மாணவிகளும் அவர்கள் வீட்டாரும் கருதுவதைப் பதிவு செய்தார். வெயிலில் அலைய வேண்டாம், தொழிற்கூட இரைச்சல் இல்லை, கட்டடத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் கௌரவமான வேலை. மெக்கானிக்கல் கேட்ட மகளை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்த பெற்றோர் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

ஆனால் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் கணக்கில் இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 36 விழுக்காடுதான். மேலாளர், கட்டமைப்பாளர், இயக்குநர் என்று ஏற ஏற அந்தப் பங்கு மெலிந்துகொண்டே போகிறது. பெண்களை உள்ளே அழைத்துவந்த அதே காரணம்தான் வெளியேயும் அனுப்புகிறது. 'பாதுகாப்பான வேலை' என்று வீடு தேர்ந்தெடுத்துக் கொடுத்த வேலையை, கல்யாணத்துக்குப் பிறகு இன்னொரு வீடு 'தேவையில்லாத வேலை' என்று முடிவு செய்துவிடுகிறது. இரண்டு முடிவுகளிலும் அந்தப் பெண்ணுக்கு நிரலாக்கத்தின் மேல் இருக்கும் ஆசை கணக்கில் வருவதில்லை. அமெரிக்கப் பிரச்சினை நுழைவு; நம் பிரச்சினை நிலைத்தல். மருந்தை அங்கிருந்து எடுக்கும்போது இதை மறக்கக் கூடாது.

எங்கே கசிகிறது?

நான்கு இடங்களைச் சுட்டலாம். முதலாவது பதினோராம் வகுப்பு. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்க்ராட்ச் கொஞ்சம் தலைகாட்டுகிறது. சி++ பதினோராம் வகுப்பிலும், பைத்தானும் தரவுத்தளமும் பன்னிரண்டிலும் வருகின்றன. அதுவும் கணினி அறிவியல் குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும். எந்தக் குரூப் என்பது மதிப்பெண்ணாலும் அப்பாவின் யோசனையாலும் ஒரே வாரத்தில் முடிவாகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள, இந்தத் துறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்கூட அந்த வாரத்தில் கிடைப்பதில்லை.

இரண்டாவது, கல்லூரியின் இரண்டாம் ஆண்டு. லேப் ரெக்கார்டு எழுதுவது வேறு, நிரல் எழுதுவது வேறு என்று தெரியவரும் ஆண்டு அது. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதுவும் தம்பியிடம் இருந்தால், பழகுவதற்கு நேரம் எங்கே? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியவர்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு. கல்லூரி மாணவிகளின் நிலை இதைவிட மேல்தான். ஆனால் வீட்டுக்குள் யாருடைய கையில் கருவி இருக்கிறது என்ற பழக்கம் அங்கேயும் தொடர்கிறது.

மூன்றாவது, பிளேஸ்மென்ட். 'பொண்ணுங்களுக்கு டெஸ்டிங் நல்லது, சப்போர்ட் நல்லது' என்ற அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். அந்த வேலைகள் தாழ்ந்தவை அல்ல. ஆனால் முதல் வேலை எதுவோ, அதை ஒட்டியே அடுத்த வேலையும் அமைகிறது. நான்காவது, கல்யாணமும் குழந்தையும். 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 26 வாரப் பேறுகால விடுப்பையும், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. சட்டம் விடுப்பைத் தருகிறது. விடுப்பு முடிந்து திரும்பும்போது மாறிப்போயிருக்கும் தொழில்நுட்பத்தை யார் சொல்லித் தருவது?

கிண்டியில் ஒரு முன்கதை

கதவைத் திறந்துவிடுவதும் துணை நிற்பதும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை, கிண்டி போதும். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என அறியப்படும் அ. லலிதா 1919-இல் சென்னையில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கைம்பெண். கையில் நான்கு மாதக் குழந்தை. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் வாங்கினார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். தனிமை அழுத்தியது. தந்தை இன்னொன்றும் செய்தார்: பெண்களும் இங்கே சேரலாம் என்று செய்தித்தாளில் அறிவிக்க ஏற்பாடு செய்தார். லீலம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் வந்து சேர்ந்தார்கள். 1940-களின் முற்பாதியில் மூவரும் பட்டம் பெற்றார்கள். லலிதா பக்ரா நங்கல் அணைக்கான மின்சாரப் பணிகள் வரை போனார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் பன்னாட்டுப் பெண் பொறியாளர் மாநாட்டில் கலந்துகொண்டார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

கதவைத் திறந்தவர்கள் இரண்டு ஆண்கள். அதிகாரம் அவர்களிடம் இருந்தது. உள்ளே தாக்குப்பிடிக்க வைத்தது, கூடவே இருந்த இன்னும் இரண்டு பெண்கள். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பதால்தான் இன்றைய திட்டங்கள் பலவும் தடுமாறுகின்றன.

வழிகாட்டல்: சான்று என்ன சொல்கிறது?

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாரா டென்னஹியும் நிலஞ்சனா தாஸ்குப்தாவும் செய்த சோதனை 2017-இல் வெளியானது. பொறியியலில் புதிதாகச் சேர்ந்த 150 மாணவிகளை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்கு மேல்வகுப்பு மாணவி வழிகாட்டி, சிலருக்கு மேல்வகுப்பு மாணவன், மீதிப் பேருக்கு யாரும் இல்லை. ஓராண்டு முடிவில், அக்கா வழிகாட்டிய குழுவில் ஒருவர்கூடப் பொறியியலை விட்டுப் போகவில்லை. மற்ற இரு குழுக்களிலும் விலகல் இருந்தது. மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு வரவில்லை. 'நான் இங்கே இருக்க வேண்டியவள்தான்' என்ற எண்ணமே வேறுபட்டது. வழிகாட்டல் நின்ற பிறகும் அதன் பயன் தொடர்ந்தது. அந்த வழிகாட்டிகள் பேராசிரியர்களோ நிறுவனத் தலைவர்களோ அல்ல. நம் பேச்சில் 'சீனியர் அக்கா'.

ஆசிரியரின் பாலினமும் முக்கியம் என்று காட்டியது அமெரிக்க விமானப்படை அகாடமி ஆய்வு. அங்கே மாணவர்களை எந்தப் பேராசிரியரிடம் அனுப்புவது என்பதைக் குலுக்கல்போல் தீர்மானிப்பதால் ஒப்பிடுவது எளிது. காரெல், பேஜ், வெஸ்ட் மூவரும் 2010-இல் எழுதிய கட்டுரையின்படி, அறிமுகக் கணித, அறிவியல் வகுப்பைப் பெண் பேராசிரியர் எடுத்தபோது மாணவிகளின் தேர்ச்சியும், அவர்களில் கணிதத்தில் சிறந்தவர்கள் அந்தத் துறையிலேயே பட்டம் முடிக்கும் வாய்ப்பும் உயர்ந்தன. ஆண் மாணவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.

தனி மனிதர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் சாட்சி. ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் ஆராய்ந்தபோது, நன்றாகப் படித்த மாணவிகளும்கூட, சிறுவயதிலிருந்தே கணினியோடு வளர்ந்த மாணவர்களைப் பார்த்துத் தங்களைக் குறைத்து எடைபோட்டுக்கொள்வது தெரிந்தது. பல்கலைக்கழகம் சேர்க்கை விதியை மாற்றியது, முன் அனுபவம் இல்லாதவர்களுக்குத் தனித் தொடக்க வகுப்பு வைத்தது, மாணவிகளுக்கு ஒரு குழுமம் அமைத்தது. 1995-இல் 7 விழுக்காடாக இருந்த மாணவிகள் 2000-இல் 42 விழுக்காடானார்கள். நம் கல்லூரிகளுக்கு இதில் பாடம் உண்டு: சி.பி.எஸ்.இ. பள்ளியில் பைத்தான் படித்துவிட்டு வந்தவரையும், தமிழ்வழியில் பயாலஜி குரூப் படித்துவிட்டு வந்தவரையும் முதல் செமஸ்டரில் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால், இரண்டாமவர் தன்னை மக்கு என்று முடிவுகட்டிக்கொள்வார்.

வெளிச்சம்: யாரைக் காட்டுவது, எப்படி?

கண்ணில் படும் பெண் ஒருவர் கனவை மாற்றுவாரா? மேற்கு வங்காளத்தின் 495 கிராமங்களில் நடந்த ஆய்வு, மாற்றுவார் என்கிறது. இலோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா ஆகியோரின் 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை அது. இடஒதுக்கீட்டால் தொடர்ந்து இரண்டு முறை பெண் ஊராட்சித் தலைவர் இருந்த ஊர்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்திருந்த கனவுகளின் இடைவெளி குறைந்தது. வளரிளம் பிள்ளைகளிடையே அந்த இடைவெளி 32 விழுக்காடு குறைந்தது. ஒரு முறை மட்டும் பெண் தலைவர் வந்த ஊர்களில் இந்த மாற்றம் தெரியவில்லை. ஒரு நாள் விழாவுக்கு வந்துபோகும் சிறப்பு விருந்தினரைவிட, ஊரிலேயே பல ஆண்டுகள் கண்ணில் படும் ஒருவரே கணக்கை மாற்றுகிறார்.

ராபர்ட் ஜென்சனின் ஆய்வு இன்னும் நெருக்கமானது. டெல்லியைச் சுற்றிய 160 கிராமங்களில் பாதியில், மூன்றாண்டுகள், அழைப்பு மையங்களுக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் போய்ப் பெண்களுக்கான வேலைகளை விளக்கினார்கள். அந்த ஊர்களில் இளம்பெண்கள் கல்யாணத்தையும் குழந்தையையும் தள்ளிப்போட்டார்கள், மேலே படித்தார்கள், சிறுமிகளின் பள்ளிப்படிப்பும் கூடியது. தகவலும் வேலைக்கான வழியும் ஊருக்குள் வந்ததே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது ஆய்வு, என்ன பேச வேண்டும் என்று சொல்கிறது. பாரிஸ் வட்டாரத்தின் 98 மேல்நிலைப் பள்ளிகளில் பெண் அறிவியலாளர்கள் ஒரு மணி நேரம் வந்து பேசினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் மாணவிகளில் கடினமான அறிவியல் படிப்புகளைத் தேர்ந்தவர்கள் கூடினார்கள். ஆனால் 'இந்தத் துறையில் பெண்கள் மிகக் குறைவு' என்று அழுத்திச் சொன்ன பேச்சுகள் அவ்வளவாகப் பலிக்கவில்லை. வேலை எப்படி இருக்கும், அதில் என்ன சுவை என்று சொன்ன பேச்சுகளே பலித்தன. நம் மகளிர் தினக் கூட்டங்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்த வெளிச்சம் ஒரு பக்கமாகவே விழுகிறது. செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்து ஆதித்யா எல்-1 திட்டத்தை வழிநடத்திய நிகர் சாஜியையும், சந்திரயான்-2 திட்ட இயக்குநராக இருந்த வனிதாவையும் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். ராக்கெட் வானில் ஏறுவது தெரியும், அது செய்தியாகும். மென்பொருளுக்கு அந்தக் காட்சி இல்லை. ஜோஹோ நிறுவனர்களில் ஒருவரும் ஜோஹோ மெயிலை உருவாக்கிய குழுவின் தலைவருமான ராதா வேம்புவைச் சாலையில் கண்டால் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? அவர் விளம்பரத்தை நாடாதவர். அது அவர் உரிமை. ஆனால் அவரைப்போல் உச்சியில் இல்லாமல், வங்கிச் செயலியையும் மருத்துவமனை மென்பொருளையும் எழுதும் ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர் எந்தத் திரையிலும் வருவதில்லை. நிறுவனத்தின் நிரல் நிறுவனத்துக்கே சொந்தம்.

பெயர் போட்டு வேலை செய்ய வாய்ப்புள்ள இடம் கட்டற்ற மென்பொருள். அங்கேயும் ஒரு சிக்கல். கிட்ஹப் தளத்தில் நடந்த ஆய்வொன்றில் பெண்கள் அனுப்பிய நிரல் திருத்தங்கள் 78.6 விழுக்காடு ஏற்கப்பட்டன, ஆண்களுடையவை 74.6 விழுக்காடு. ஆனால் அத்திட்டத்துக்குப் புதியவர்களாக இருந்து, அனுப்பியவர் பெண் என்று அடையாளம் தெரிந்தபோது ஏற்பு விகிதம் சரிந்தது. வெளிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. துணையில்லாமல் ஒரு பெண்ணை மேடையேற்றுவது உதவியாகாது.

தமிழில் இதற்கு ஓர் எளிய, நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் வழியாக து. நித்யா 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மைஎஸ்க்யூஎல், எச்டிஎம்எல், மெஷின் லேர்னிங் முதலியவை பற்றி எழுதிய நூல்கள் இலவச மின்னூல்களாகக் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்துவந்த மாணவி, தொழில்நுட்பத்தைத் தன் மொழியில், ஒரு பெண் எழுதிய புத்தகத்தில் படிக்கிறாள். வழிகாட்டலும் வெளிச்சமும் அங்கே ஒன்றாகின்றன.

இருப்பவையும் இல்லாததும்

அரசுத் திட்டங்களைக் குறைசொல்ல முடியாது. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டக் காக்களூரில்தான். 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் வந்தன. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம், செப்டம்பரில் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்'. திரும்பி வரும் பெண்களுக்கு ஜோஹோ பள்ளி 'மறுபடி' என்ற பயிற்சியை நடத்துகிறது.

பணம், இடம், பயணம், பயிற்சி எல்லாம் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: மாணவிக்குப் பெயர் தெரிந்த, வாரம் ஒருமுறை கேட்கக்கூடிய ஒரு மனிதர். அதைத் தன்னார்வ அமைப்புகளிடம் விட்டுவிடவும் முடியாது. 2011-இல் தொடங்கி உலகெங்கும் கிளை பரப்பிய 'விமன் ஹூ கோட்' 2024-இல் நிதி வற்றி மூடப்பட்டது. நிறுவனங்களின் நன்கொடை ஓடும்வரை ஓடும் வண்டி அது.

பருத்திப்பட்டுக்கு எது பொருந்தும்?

மேலே பார்த்த சான்றுகளைச் சேர்த்தால் ஒரு வடிவம் கிடைக்கிறது. வழிகாட்டி அருகில் இருக்க வேண்டும். மாணவியைவிடச் சில ஆண்டுகளே மூத்தவராக இருக்க வேண்டும். உறவு குறைந்தது ஓராண்டு நீடிக்க வேண்டும். பேச்சு, பெண்களின் குறையைவிட வேலையின் சுவையைச் சுற்றி இருக்க வேண்டும்.

பட்டாபிராம் டைடலிலும் அம்பத்தூரிலும் மூன்று, நான்கு ஆண்டு அனுபவமுள்ள பெண்கள் இருக்கிறார்கள். பலர் இதே சாலையின் கல்லூரிகளில் படித்தவர்கள். கல்லூரிகள் தம் முன்னாள் மாணவிகளில் இருந்து, இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஐவருக்கு ஒருவர் என்று ஓராண்டுக்கு அமர்த்தலாம். இரண்டாம் ஆண்டு மாணவிகள், தம் பங்குக்கு, ஆவடி வட்டார அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் பத்தாம் வகுப்புப் பெண்களுக்குக் குரூப் தேர்வுக்கு முன்பே ஒரு சிறு நிரலை எழுதிக் காட்டலாம். டைடலில் இடம் வாடகைக்குத் தரும்போதே குழந்தைக் காப்பகத்தை அரசு நிபந்தனையாக்கலாம். நிறுவனங்கள் வழிகாட்டும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கெழுத வேண்டும். இல்லையேல் அது பெண்களுக்கு வழக்கம்போல் இன்னொரு சம்பளமில்லா வேலையாகிவிடும். அதிகாரத்தில் இருக்கும் ஆண்களுக்கு வேறு வேலை இருக்கிறது: நல்ல பிராஜெக்டைப் பிரிக்கும் கூட்டத்தில் அங்கே இல்லாத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வது. சுப்பாராவும் சாக்கோவும் செய்தது அதுதான்.

இவற்றில் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம்; பெரிய நிதியும் வேண்டாம். அம்பத்தூரிலோ பட்டாபிராமிலோ நிரல் எழுதிக்கொண்டே இதைப் படிக்கும் பெண் நீங்கள் என்றால், இந்தக் கல்வியாண்டில் நீங்கள் படித்த கல்லூரியின் துறைத்தலைவருக்கு ஒரு போன் செய்து, ஐந்து மாணவிகளின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஓராண்டு அவர்களை விடாதீர்கள்.